சிக்கந்தர் பாய்க்கு நான் வாசிக்காத வரி

செவ்வாய்க்கிழமை காலை, ஒக்கூரிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குக் கண்ணாடி பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சிக்கந்தர் பாயின் மகள். “அத்தா மௌத்தாயிட்டாக மாமா. நெஞ்சு வலின்னாக, அவ்வளவுதான், உசுரு போயிருச்சு.” அந்த அம்மா எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போனார். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் காரைக்குடி கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை செய்துகொண்ட யாருக்கும் அவரைத் தெரியாமலிருக்காது. அறுவைக்கு முன் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. லேசர் இயந்திரம் வந்ததிலிருந்து, சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் “அம்மாவுக்கு லேசர்தான்” என்று போனில் அடம்பிடிப்பார்கள். பாய் அசரமாட்டார். “லேசர் வெட்டிக் குடுக்கும். பாக்குறது நரம்புதானே? ஆறு மாசங் கழிச்சுப் பாருங்க, கையால செஞ்ச கண்ணும் இதுவும் அநேகமா ஒண்ணுதான்.” நிர்வாகத்துக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. அவர் நிறுத்தவும் இல்லை.

ஒருநாள் நாட்டரசன்கோட்டைக்காரர் ஒருவருக்கு முழுப் படிவத்தையும் ஒரு சொல் பிசகாமல் வாசித்தார். கையில் இருந்ததோ சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு அட்டவணை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம்தான் உறைத்தது, அவருக்குக் கண் தெரியவில்லை. எத்தனை மாதமாக மனப்பாடத்தில் ஓட்டினாரோ! சோதித்ததில் இரண்டு கண்ணிலும் புரை. அதற்கும் பின்னால், கண்ணழுத்தம் நரம்பைத் தின்றிருந்தது. வருகிறவர்களையெல்லாம் அழுத்தம் பார்க்கச் சொன்ன மனிதர் தனக்குப் பார்த்துக்கொள்ளவில்லை. ஊருக்குத்தான் உபதேசமா என்று கத்தினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அவரும் லேசர்தான் வேண்டுமென்றார். “நான் சொன்னதெல்லாம் மத்தவுகளுக்குத் தம்பி. ஆசை யாரை விட்டுச்சு?”

அன்று படிவத்தை நான் வாசித்தேன். ‘நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் பார்வை திரும்பும் என்ற உறுதி இல்லை’ என்ற வரி வந்தது. வாய் வரவில்லை, தாண்டிப் போய்விட்டேன். “ஒரு வரிய விட்டுட்டீக” என்றார். அதை அவரே சொல்லி முடித்துவிட்டுப் பேனா கேட்டார்.

அறுவையில் ஒரு குறையும் இல்லை. வெட்டு சுத்தம், லென்ஸ் நடுவில் உட்கார்ந்திருந்தது. கோப்பில் ‘வெற்றி’ என்று எழுதினார்கள். கட்டுப் பிரித்தபோது வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. முகங்கள் தெரியவில்லை. அடுத்த கண்ணைத் தொட அவர் விடவில்லை. “வீட்டுல நல்லாத் தெரியுதுன்னு சொல்லிப்புட்டேன். நீங்களும் எதையும் உளறிப்புடாதீக.”

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனேன். கணவர் இறந்தபின் இருக்கும் இத்தா என்ற துக்கக் காலத்தில் இருந்த அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினார். “கண்ணாவது கடைசி வரைக்கும் நல்லாத் தெரிஞ்சுச்சு தம்பி. அன்னைக்குக் காலையிலகூட எம் மூஞ்சியப் பாத்து, ஏன் வாடிப்போயிருக்கேன்னு கேட்டாக.”

“ஆமாக்கா” என்றேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தப் பொய் ஒன்றுதான். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. தயவுசெய்து யாரும் இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.