கிளோவிஸ் காட்டில் குருவி இல்லை

ஆர்மாண்டுக்குக் காது மந்தம் என்று ஊரே முடிவு கட்டி வெகுநாளாயிற்று. ஆயுளில் பாதியை மர அறுவை ஆலையில் கழித்தவனுக்கு வேறென்ன மிஞ்சும்? அந்தச் செய்தியைப் பரப்பியவள் அவன் மனைவி நொயெல்லாதான். கடையில், மாதா கோயில் வாசலில், அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் முன் இருக்கைப் பிள்ளைகளிடம்கூட, வீட்டில் ஓர் அரைச்செவிடு இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். ஆர்மாண்ட் மறுத்ததே இல்லை. மறுத்தால் அதற்கும் ஒரு மணி நேரம் பதில் பேச வேண்டும். செவிடனாக இருப்பதில் உள்ள சௌகரியத்தைக் கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நொயெல்லாவின் காதோ பேர் போனது. அம்மா லூதிவீன் விட்டுப் போன ஒரே சொத்து அதுதான். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வடக்குக் கோடியில், ஆற்றுக்கு அக்கரை கனடா என்றிருக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் அநேகமாக எதையும் பார்ப்பதில்லை. ஊசியிலை ஸ்புரூஸ் மரங்கள் அப்படி அடர்ந்து நிற்கும். கேட்கத்தான் முடியும். உருளைக்கிழங்கு ஆலையில் வேலை முடிந்து வரும் லூதிவீன், மகளைக் காட்டோரம் நிறுத்தி, மாவு நாற்றமடிக்கும் உள்ளங்கையால் அவள் கண்ணைப் பொத்தி, உள்ளே யார் யார் பேசுகிறார்கள் சொல் என்பாள். தப்பாகச் சொன்னால் மண்டையில் ஒரு குட்டு. சரியாகச் சொன்னால் குட்டு கிடையாது, அதுவே பரிசு. இப்படிக் கற்றும் அந்தப் பெண்ணுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததென்றால் அது ரத்தத்தில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

ஜூன் மாதம் வந்தால் அரசாங்கத்துக்காக ஒரு பறவைக் கணக்கெடுப்பு உண்டு. குறித்த காட்டுச் சாலையில் விடியலில் கிளம்பி, அரை மைலுக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, மூன்று நிமிடம் நின்று, கேட்டதையும் கண்டதையும் எழுத வேண்டும். சம்பளம் கிடையாது, கொசுக்கடி உண்டு. இதில் கறாரான விதி ஒன்று: எண்ணுவது ஒரே ஆள். கூட வருகிறவர் வண்டி ஓட்டலாம், எழுதித் தரலாம். ஆனால் அதோ ஒன்று என்று வாயைத் திறக்கக் கூடாது. முகத்தாலும் காட்டிக் கொடுக்கக் கூடாது. அந்தச் சாலை முதலில் லூதிவீனுடையதாக இருந்தது. ஒரு வருடம், முட்டி வலிக்கிறது, இனி நீ போ என்று மகள் தலையில் கட்டிவிட்டாள். அதே கோடையில் உறவுக்காரர் கல்யாணத்தில் விளக்கணைக்கும் வரை ஆடியவளும் அவள்தான். சாலை கைக்கு வந்த சந்தோஷத்தில் நொயெல்லா அது எப்படியென்று கேட்கவில்லை.

கொஞ்ச வருடங்களாக அந்தச் சந்தோஷம் கெட்டுப்போயிருந்தது. பொன்முடிக் குருவி குறைந்துகொண்டே வந்தது. கட்டைவிரல் அளவுப் பறவை அது. உச்சந்தலையில் மஞ்சள் கோடு, ஊசியால் கண்ணாடியில் கீறியதுபோல் ஒரு குரல். முதலில் இரண்டு மூன்று நிறுத்தங்களில் இல்லை, பிறகு பாதிச் சாலையில் இல்லை, போன வருடம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இழவு வீட்டில் அழக்கூடத் துணை இருக்கும், குருவிக்கு யார் வருவார்கள்? துக்கம் இரண்டு நாளில் கோபமாயிற்று, கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கிளோவிஸ் அகப்பட்டான்.

கிளோவிஸ் அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். சாலையின் நடுப்பகுதிக் காடு அவனுடையது. குளிர்காலத்தில் கொஞ்சம் மரம் வெட்டி விற்பான். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், பனி தள்ளும் வண்டிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று பேசிக்கொண்டிருந்தபோது நொயெல்லா எழுந்து, கிளோவிஸின் ரம்பம்தான் குருவிகளைத் தின்றது என்றாள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "குருவியெல்லாம் இருக்கு நொயெல்லா. மான் வேட்டைக்குப் பதுங்கி உக்காந்தா காதைத் துளைக்குது" என்றான்.

"வெட்டறவன் வேற என்னத்தச் சொல்லுவான்?" என்றாள். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

இந்த ஜூனில் கிளோவிஸின் காட்டோரம் ஆர்மாண்ட் வண்டியை நிறுத்தியபோது அவள் எரிச்சல் உச்சிக்கு ஏறியிருந்தது. அதுவரை ஒரு பொன்முடி இல்லை. காற்றில்லை, மழையில்லை, சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இறங்கி நின்று காதைத் தீட்டினாள். தூரத்தில் மரங்கொத்தி, கால்வாயில் தவளை, வயலுக்கப்பால் யாரோ டிராக்டரைக் கிளப்பும் சத்தம், எல்லாம் துல்லியமாகக் கேட்டது. குறித்துக்கொள்ள வண்டிப் பக்கம் திரும்பினாள். சன்னலோரம் ஆர்மாண்ட் உட்கார்ந்திருந்தான். அவன் தலை மெல்ல மேலே நிமிர்ந்து, இடப்பக்கம் நகர்ந்து, ஒரு மர உச்சியில் நின்றது. பிறகு தப்புச் செய்தவன் போல் சட்டென்று கீழே குனிந்தது.

மூன்று நிமிடம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். விதி விதிதான். முடிந்ததும் சன்னலுக்கு வந்தாள்.

"என்னத்தப் பாத்த?"

"ஒண்ணுமில்ல."

"ஆர்மாண்ட்."

அவன் ஸ்டீயரிங்கைத் தடவினான். நேரம் முடிந்ததா என்று கேட்டுக்கொண்டான். முடிந்தது என்றாள். விரலை நீட்டினான். அவள் பைனாகுலரைத் தூக்கினாள்.

அங்கே இருந்தது. உச்சிக் கிளையில், இலை நுனியில் தொங்கிக்கொண்டு, தலையில் அந்த மஞ்சள் கோட்டோடு. அலகு திறந்து மூடியது. தொண்டை துடித்தது. குருவி முழு மூச்சாகப் பாடிக்கொண்டிருந்தது, அவளுக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

வயதானால் உச்சக் குரல்கள் முதலில் போகும், மற்றதெல்லாம் அப்படியே கேட்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பறவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள், காதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். பேருந்தின் கடைசி இருக்கையில் பிள்ளைகள் குசுகுசுப்பதைக்கூடப் பிடித்துவிடுகிற தனக்கு அது வராது என்று இருந்துவிட்டாள்.

"எத்தன நாளா?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும். மொதல்ல இந்தப் பொன்முடி, அப்புறம் அந்த மரமேறிக் குருவி. அதுவும் நீ எழுதறதில்ல."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"மொத வருஷம் சொன்னேன். வண்டி ஓட்ட வந்தவன் வண்டிய ஓட்டுன்னு சொன்ன. அப்புறம், சொன்னா இதை விட்டுடுவ. விட்டுட்டா உன்னை வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவனைவிட அதிகமாக அம்மாவை. முட்டி வலியாம், முட்டி வலி! அந்த வருடம் லூதிவீனுக்கு ஏறக்குறைய இதே வயது. அவளும் இப்படித்தான் ஏதோ ஒரு மரத்தடியில் அண்ணாந்து நின்றிருப்பாள், அலகு திறந்து மூடுவதைப் பார்த்திருப்பாள். வீட்டுக்கு வந்து முட்டியைத் தடவிக் காட்டினாள். நூறு குரல் சொல்லிக்கொடுத்தவள், அவை ஒவ்வொன்றாகப் போகும் என்பதை மட்டும் சொல்லாமல் செத்தாள். சொல்லியிருந்தால் நான் ஊரார் முன்னால் இப்படி நின்றிருப்பேனா என்று, கல்லறையில் கிடப்பவளோடு மனசுக்குள் மல்லுக்கு நின்றாள். பதில் சொல்ல ஆளில்லாத சண்டை போலக் கொடியது வேறில்லை.

அடுத்த நிறுத்தத்திலும் பிடிவாதமாக இறங்கினாள். ஆனால் காது கொடுக்க முடியவில்லை. கண் திரும்பத் திரும்ப ஆர்மாண்டின் முகத்துக்கே போயிற்று. அவன் பாவம், வண்டித் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தான். அப்படியும் ஒரு கணம் அவன் புருவம் ஏறி இறங்கியது. அவள் கை பென்சிலை எடுத்து, குருவிக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. தாள் கிழியுமளவுக்கு அதை அடித்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து, மீதிச் சாலை வேண்டாம், திருப்பு என்றாள். பாதியில் விட்ட கணக்கு செல்லாது என்று ஆர்மாண்ட் நினைவூட்டினான். போன நாலு வருஷக் கணக்கு மட்டும் செல்லுமா என்றாள். எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி எழுத வேண்டும். அதைவிடக் கஷ்டமானது ஒன்று வழியிலேயே இருந்தது. கிளோவிஸ் வீட்டு முன்னால் நிறுத்தச் சொன்னாள்.

கிளோவிஸ் முன்வாசல் கூரைக்கடியில் கேஸ் அடுப்பைப் போட்டு ப்ளாய் வார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் மட்டும் வேகிற அந்த மஞ்சள் ரொட்டி எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் காலையில் இருக்கும். வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது. நொயெல்லா படியேறவில்லை. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவள் வம்சத்திலேயே இல்லாததால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. கல்லில் மாவு வெந்துகொண்டிருந்தது.

"உன் காட்டுல குருவி இருக்கு" என்றாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனே."

"எனக்குத்தான் கேக்கல கிளோவிஸ். காது போச்சு."

திட்டினாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவன் திட்டவில்லை. ப்ளாயை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். பிறகு மெல்ல, "அப்ப இதுவும் கேக்கலியா? நீ வந்ததுலருந்து இங்கதான் கத்திக்கிட்டிருக்கு" என்றான்.

நொயெல்லா நின்று கேட்டுப் பார்த்தாள். அடுப்பின் சீறல், வண்டியிலிருந்து இறங்கும் ஆர்மாண்டின் பூட்ஸ் சத்தம், அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்காமல் பைனாகுலரைக் கையில் எடுத்தாள். ஆயுளில் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"எங்க இருக்கு? காட்டு."