தங்கைக்குப் போடாத வளையல்

எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தங்கையை நான்தான் வளர்த்தேன். கொருக்குப்பேட்டையில் ரயில்வேயில் உதவியாள் வேலை பார்க்கும் கலாசி ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்ததும் நானும் என் வீட்டுக்காரரும்தான். இதைப் பெருமையாகவே சொல்லுகிறேன். அவள் கல்யாணம் முடிந்த மறு வருஷம் நாங்கள் ரெண்டு பேரும் ராயபுரத்தில் ஞானஸ்நானம் எடுத்தோம். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. மனசு சொன்னது, போனோம். அன்றோடு பொட்டு வைப்பதை விட்டேன்.

தங்கைக்கு வளைகாப்பு வைத்தார்கள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை; அக்கம்பக்கத்தில் பேசித்தான் தெரிந்தது. மறந்திருப்பார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். தாயில்லாத பெண்ணுக்கு முதல் வளையல் போட அக்காவை விட்டால் வேறு யார்? கண்ணாடி வளையல், பூ, எலுமிச்சைச் சோறு எல்லாம் தாம்பாளத்தில் வைத்து, காசிமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போனேன். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் தங்கைக்கு வளைகாப்பு என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவளை மணையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். வளையலோடு கிட்டே போனதும் அவள் மாமியார் என்னை மறித்தார்.

"இரு. வெறும் நெத்தியோட புள்ளத்தாச்சிய தொடாதே. பொட்டு வச்சிகினு வா."

"நாங்க வைக்கிறதில்ல அத்தே."

"இன்னாமே, புருசன் உசுரோடதானே கீறான்? வேதத்துல சேந்துட்டா தாலி அறுத்தவ மாரி வந்து நிப்பியா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "உட்டா வயித்துல கீற கொயந்தைக்கே தண்ணி தெளிச்சி பேரு வச்சிட்டுப் போவும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமியார் குங்குமச் சிமிழை என் முன்னால் நீட்டினார். நான் தொடவில்லை. அவர்கள் சொன்னதுகூடப் போகட்டும். தங்கை ஒரு வார்த்தை பேசுவாள் என்று நின்றேன். அவள் நீட்டியிருந்த கையை மெல்ல மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீ போக்கா" என்றாள், தலை நிமிராமல்.

வழிவிட்ட பெண்கள் தங்கள் புடவை என்மேல் படாமல் ஒதுக்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஊர்ந்து போகும் வரைக்கும் கூட்டத்தில் தாம்பாளத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. எங்கள் தெருவில் மீன் விற்கிறவளும் காலிக் கூடையோடு அங்கே நின்றிருந்தாள்.

"இன்னா யக்கா, போன தட்டு அப்டியே வருது?"

"வேணாம்னுட்டாங்க."

"ஏன், வளையலு சின்னதா?"

"நெத்தில பொட்டு இல்லியாம்."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். நான் முந்தானையை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டேன். பொட்டு வேண்டாம் என்று நானே விட்டதுதான். அப்புறம் எதற்கு அப்படிக் கூசிப்போனேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

துறைமுகத்து வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் தாம்பாளத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது இருப்பேன். அந்த எலுமிச்சைச் சோற்றையே ரெண்டு பேரும் தின்றோம்.

அதற்குப் பிறகு அங்கிருந்து ஆள் வரவில்லை, நானும் போகவில்லை. ஒரு நாள் விடியற்காலை, கொருக்குப்பேட்டைப் பக்கமும் பால் ஊற்றுகிற பால்காரர் கேட்டார்.

"இன்னாம்மா, தங்கச்சிக்கு கொயந்த பொறந்துகீதே, போயி பாக்கலியா?"

"தெரியும்ப்பா. ஞாயித்துக்கெயம போறேன்" என்றேன்.

அவர் பாலை ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தெரியும் என்று சொன்ன வாயால், ஆணா பெண்ணா என்று எப்படிக் கேட்பது?