உதைக்காத கால்

டிப்போவில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். டவுன் பஸ் ஓட்டுகிறவன். அவன் வாயை மூடினால் வண்டி நகராது என்பார் கூடவே வரும் கண்டக்டர். படியில் தொங்குகிறவர்களைக்கூடத் திட்டமாட்டான். "உள்ள வாங்கண்ணே, உள்ளயும் அதே டிக்கெட்தான்" என்பான்.

கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பிறந்த பெண் குழந்தை. வயிற்றுக்குள் தலை மேலாக உட்கார்ந்திருந்ததால் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பரிசோதித்த டாக்டர் இடது தொடையை மெல்ல அகட்டிப் பார்த்து, "இடுப்பு மூட்டு கிண்ணத்துல சரியா உட்காரல. பிஞ்சு எலும்புதானே, இப்பவே பெல்ட் போட்டா தானா உட்கார்ந்துடும்" என்றார்.

தோளில் இரண்டு பட்டை, மார்பைச் சுற்றி ஒன்று. அதிலிருந்து இறங்கும் வார்களில் இரண்டு கால்களும் மடங்கி அகன்று நின்றன. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைச் சிரிக்க வைத்தாக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"ஏன் அழற? வீட்டுக்குத் தவளை வருது. இனிமே நல்லா மழை பெய்யும் பாரு."

வார்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே சொல்லவேண்டியதைச் சொன்னாள். மனைவி அப்போது வீறிட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போயிருந்தாள். பெல்ட்டை நீங்களாகக் கழற்றக் கூடாது, இறுக்கக் கூடாது, தளர்த்தக் கூடாது என்றது அவன் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நர்ஸ் இன்னும் ஏதோ சொன்னபோது அவன் ஜன்னலைப் பார்த்துத் தவளை மாதிரி கத்திக்கொண்டிருந்தான்.

சொன்ன சொல் தவறாமல் நடந்தார்கள். பட்டைக்கு அடியில் ஈரத்துணியால் ஒற்றியெடுத்தார்கள். தோல் சிவந்த இடத்தில் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் அவன் குழந்தையின் பாதங்களுக்கு நேரே உள்ளங்கைகளைக் காட்டுவான். அவள் இரண்டு காலாலும் உதைப்பாள். "ஐயோ, பஸ்ஸையே கவுத்துட்டாளே" என்று அவன் மல்லாக்க விழுவான்.

தாய்ப்பாலில் குழந்தை மளமளவென்று வளர்ந்தாள். பெல்ட் வளரவில்லை. முன்பக்க வார் இழுக்க, தொடைகள் வயிற்றை நோக்கி மேலும் மேலும் மடங்கின. ஒரு சாயங்காலம் வலது கால் மட்டும் அவன் கையை உதைத்தது.

"ஏங்க, இந்தக் கால் சும்மாவே கிடக்கு" என்றாள் மனைவி.

"பெல்ட்டு பழகிடுச்சு. அழுகைகூட இல்ல பாரு. சமத்தாயிட்டா."

"ஒரு போன் போட்டுக் கேட்போமா?"

"நாமளா எதுவும் பண்ணக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? அடுத்த வாரம் போகத்தானே போறோம்."

அடுத்த வாரம் டாக்டர் உள்ளங்காலை விரலால் வருடினார். வலது கால் படக்கென்று நீண்டது. இடது காலில் விரல்கள் அசைந்தன, முட்டி மட்டும் நீளவில்லை. மறுபடி வருடினார்.

"எத்தனை நாளா உதைக்கல?"

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"உதைக்கிறது நின்னா உடனே கொண்டு வாங்கன்னு சொன்னேனே" என்றாள் நர்ஸ், மெதுவாக.

"எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றாள் மனைவி.

நர்ஸ் அவனைப் பார்த்தாள். "நான் அப்ப..." என்று தொடங்கினான்.

தொடைக்குப் போகும் நரம்பு அழுந்தியிருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். நரம்புக்குப் பலம் திரும்பிவிடும் என்றார் டாக்டர். திரும்பவும் செய்தது. துணி மாற்றும்போது ஒரு நாள் இடது கால் மனைவியின் வயிற்றில் உதைத்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஆனால் அதற்குள் மூட்டு முழுசாக விலகிவிட்டது. மறுபடி போட்ட பெல்ட்டால் அதைப் பிடித்துவைக்க முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்து மூட்டைச் சேர்த்து, மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயில், தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று தெரிந்தது. ஒரு பகுதி செத்துப்போயிருந்தது.

"நீங்க முன்னாடியே வந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். சில குழந்தைங்களுக்கு ஆகுது" என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த 'லாம்' அவனை விடவில்லை. ஆகியிருக்கலாம் என்றால், ஆகாமலும் இருந்திருக்கலாம்.

மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், சட்டைக்குப் பித்தான் தைத்தாள், குழந்தையை அவன் மடியில் வழக்கம்போலவே விட்டாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஒரு தடவையாவது என்னைத் திட்டிடேன்."

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "திட்டினா உங்களுக்கு ஆறும். எனக்கு?"

மகள் தாமதமாக நடந்தாள், சாய்ந்து சாய்ந்து. இடது கால் சற்றுக் குட்டை. அந்தக் கால் செருப்புக்கு மட்டும் அடி தடிமனாக வைத்துத் தைக்க வேண்டும். வளர்ந்த பிறகு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அதெல்லாம் பெரிதில்லை. விழுவாள், எழுவாள், மற்ற பிள்ளைகளுக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டு போவாள். அவன்தான் மாறிப்போனான். டிப்போவில் 'ரேடியோ' என்று கூப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் நெரிசலான நிறுத்தத்தில் வண்டி நின்றபோது, நிழற்குடைக்குள் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு நிற்பதைப் பார்த்தான். குழந்தையின் கவுனுக்கு வெளியே அதே வெள்ளைப் பட்டைகள். அவன் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

"பாப்பா உதைக்குதாம்மா?"

அந்தப் பெண் பயந்துபோய்க் குழந்தையை அணைத்துக்கொண்டாள். "என்ன?"

"ரெண்டு காலாலயும் உதைக்குதா?"

"உதைக்குது..."

"ஒரு கால் நின்னாலும் அன்னிக்கே போயிடுங்க. அடுத்த வாரம்னு வைக்காதீங்கம்மா. சமத்தாயிடுச்சுன்னு நினைக்காதீங்க."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. உள்ளிருந்து யாரோ, "டிரைவர், வேலைக்குப் போக வேணாமா?" என்று கத்தினார்கள். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான்.

"தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார் கண்டக்டர். இல்லை என்று தலையாட்டினான்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறவோ இறங்கவோ யாருமில்லை. அவன் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். முன்சீட்டுப் பயணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்டக்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். போயிடலாம்."