மூன்றாம் பேஸில் இரண்டு தீர்ப்பு

ஒரே ஓட்டக்காரர், ஒரே பேஸ், ஒரே நொடி. நிரோஜா முஷ்டியை உயர்த்தி "அவுட்!" என்றார். நான் இரண்டு கைகளையும் விரித்து "சேஃப்!" என்றேன். பேஸ்பால் நடுவர் செய்யக்கூடிய தவறுகளில் இதைவிடப் பெரியது வேண்டுமென்றால், வேறு ஊர் மைதானத்துக்குப் போய் நிற்க வேண்டும். அதையும் நான் செய்திருக்கிறேன், அது வேறு கதை.

புதிதாக நடுவர் அட்டை வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஒழுங்காகச் செய்வது எப்படி என்பது கையேட்டில் இருக்கிறது. மற்றதற்கு நான் இருக்கிறேன்.

வாரநாளில் எனக்கு ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. என் மகன் விளையாடும் கழகத்திலிருந்து யாராவது ஒருவர் நடுவர் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டபோது நான் கோப்பி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஏகமனதாகத் தெரிவாகியிருந்தேன். பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிறேன்.

எங்கள் கீழ்மட்ட லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டே நடுவர்கள். ஒருவர் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால், மற்றவர் மைதானத்துக்குள். பேஸ் எனப்படும் நான்கு மூலைகளை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பதால், யார் எந்த பேஸுக்கு ஓடுவது என்று ஒவ்வொரு பந்துக்கு முன்னும் சைகையில் பேசிக்கொள்வோம்.

அன்று கேட்சருக்குப் பின்னால் நின்றவர் நிரோஜா. இங்கே ஜெர்மனியில், பீலெஃபெல்டில் பிறந்து வளர்ந்தவர், பள்ளிக்கூட ஆசிரியை. அவருக்கு அன்று பரீட்சை. மேல் லீக்குக்கு இவர் தகுதியா என்று பார்க்க, வேலிக்கு வெளியே மடக்குக் கதிரையில் ஒரு மதிப்பீட்டாளர் மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டத்துக்கு முன் நிரோஜா எனக்கு வகுப்பெடுத்தார். "அண்ணை, முதலாம் பேஸில ஆள் நிக்கேக்கை அடி வெளியில போனால், மூண்டாம் பேஸ் என்ர. நீங்கள் அடிச்ச ஆளோட நில்லுங்கோ. விளங்கினதோ?"

"ஓம் பிள்ளை. நான் என்ன நேற்றுப் பிறந்தனானே?"

"நேற்றுப் பிறந்ததுகள் சொல்வழி கேக்குங்கள் அண்ணை."

கடைசி இன்னிங்ஸ். உள்ளூர் அணிக்கு ஓர் ஓட்டம் குறைவு, ஒருவர் அவுட், முதலாம் பேஸில் ஓர் ஆள். நிரோஜா மூன்றாம் பேஸைக் காட்டினார், 'அது என்ர' என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். இது ஜெர்மன் அலுவலகங்களில் முப்பது வருடமாக, விளங்காத ஒவ்வொரு Antrag விண்ணப்பத்துக்கும் "யா, யா" என்று ஆட்டிப் பழகிய தலை. அது ஆடுவதற்கும் உள்ளே ஏதாவது ஏறுவதற்கும் சம்பந்தமில்லை.

பந்து வலப்பக்கப் புல்லில் விழுந்தது. எல்லோரும் மூன்றாம் பேஸைப் பார்த்துக் கத்தினார்கள். சத்தம் கேட்கும் திசைக்கு ஓடுவது என் கால்களின் கொள்கை. ஓடினேன். அடித்தவர் முதலாம் பேஸை மிதித்தாரா, பக்கத்துச் சோள வயலைச் சுற்றி வந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். மூன்றாம் பேஸில் புழுதி கிளம்பியது. பிறகுதான் அந்த அவுட், அந்த சேஃப்.

இரண்டு பயிற்சியாளர்களும் பாய்ந்து வந்தார்கள். நிரோஜா அவர்களைக் கையால் நிறுத்திவிட்டு, என்னை மைதானத்தின் நடுவுக்குக் கூட்டிப்போனார். கடவுச்சீட்டு வீட்டில் பத்திரமாக இருக்கிறதா என்றுகூட யோசித்தேன்.

நான் கண்டது இதுதான்: ஓட்டக்காரரைத் தொடும்போதே மூன்றாம் பேஸ் காவல்காரரின் கையுறையிலிருந்து பந்து நழுவியது, நழுவினால் அவுட் இல்லை. அவர் அதை மற்றக் கையால் அள்ளி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். நிரோஜா நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது. அதைச் சொன்னால் அவர் தீர்ப்பை மாற்ற வேண்டும். மாற்றினால், தவறான இடத்தில் நின்றார் என்று கோப்பில் ஏறும்.

"பிள்ளை, உம்மட அவுட்தான் சரி. நான் ஒண்டும் காணேல்லை."

"காணாத ஆள் ஏன் கையை விரிச்சனீங்கள்?"

"பதட்டம்."

"பதட்டத்தில நீங்கள் சிலை மாதிரி நிக்கிற ஆள். எனக்குத் தெரியாதே? பந்து எங்கை?"

"அங்கை கோப்போட ஒருத்தர் இருக்கிறார், பிள்ளை…"

"என்ர பேப்பரை நீங்கள் திருத்த வேண்டாம். பந்து எங்கை, அண்ணை?"

"விழுந்தது. வயித்தோட அணைச்சுப் பிடிச்சவன்."

"எனக்கு அவன்ர முதுகு மட்டுந்தான் தெரிஞ்சது."

வெளியூர் அணியின் பயிற்சியாளர் கத்தினார். அவருடைய ஜெர்மனை என் தமிழில் தருகிறேன்: "எங்களுக்கும் விளங்கிற பாஷையில கதையுங்கோவன்!"

"இது உங்களுக்கான கூட்டம் இல்லை" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, நிரோஜா எல்லோரும் பார்க்கக் கைகளை விரித்தார். சேஃப். பயிற்சியாளர் வாயைத் திறந்தார். "இன்னொரு சொல் வந்தால் மிச்ச ஆட்டத்தை பஸ்ஸுக்குள்ள இருந்து பாக்கலாம்" என்றார் நிரோஜா. வாய் மூடியது.

அடுத்த இரண்டு பேரும் காற்றை மட்டும் அடித்து அவுட்டானார்கள். மூன்று அவுட் ஆகிவிட்டதால், மூன்றாம் பேஸ்காரர் அங்கேயே நின்றபடி ஆட்டம் முடிந்தது. நாங்கள் எந்தத் தீர்ப்பைச் சொல்லியிருந்தாலும் உள்ளூர் அணி தோற்றேயிருக்கும்.

மதிப்பீட்டாளர் வந்தார். "தீர்ப்பை மாற்றினது சரி. மாற்ற வேண்டி வந்தது சரியில்லை. நீங்கள் நின்ற இடம் பிழை. அடுத்த சீசனில் திரும்பப் பரீட்சைக்கு ஒரு Termin தாறம்."

"நான்தான் குறுக்கே ஓடி…" என்று தொடங்கினேன்.

"உங்களைப் பற்றி எழுத இந்தப் படிவத்தில் இடம் காணாது" என்றார்.

ஆகவே, தம்பி தங்கைகளே, உங்களுடையதல்லாத பேஸுக்கு ஓடாதீர்கள். ஓடித் தொலைத்துவிட்டால், கண்டதைச் சொல்லுங்கள். சகநடுவருக்கு எது நல்லது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். அவருக்குத் தேவை உங்கள் கண் மட்டும்தான்.

கார் நிறுத்துமிடத்தில் நிரோஜா கால்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் வாயைப் பொத்தியிருந்தால் நீர் பாஸ்" என்றேன்.

"ஓம். பாஸாகி மேல போய், இப்பிடித்தான் முதுகைப் பாத்து அவுட் குடுத்துக்கொண்டு நிண்டிருப்பன்." கவசத்தைப் பைக்குள் எறிந்தார். "தோத்தது பரவாயில்லை அண்ணை. இன்னொரு வருஷம் உங்களோட நிக்கோணும். அதுதான் அழுகை வருது."