நெஞ்சில் போட்ட சிவப்பு வட்டம்

அம்மா செத்து இரண்டு மாதம் ஆகியும் எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் ஊர் மத்தூரில் மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டேன். காண்ட்ராக்ட் ஆளுக்கு அதற்கு மேல் லீவு கிடையாது. காருக்கு வயர் கட்டும் கம்பெனி. ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே வேலை.

அந்தச் சமயத்தில்தான் சனிக்கிழமைகளில் யோகா வைத்தார்கள். கேன்டீன் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிப்போம். பெங்களூரிலிருந்து வந்த மேடம் ரொம்ப மெதுவாகப் பேசுவார். விலாவுக்குக் கீழே குடை மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். மூச்சை இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும். எனக்கு அது இறங்கவே இல்லை. மேடம் என் விலாவில் கை வைத்தார்.

"எதுக்கும்மா இவ்ளோ இறுக்கிப் புடிச்சிருக்க? விட்டுடு."

விட்டேன். இரண்டு மாத அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"உடம்புக்கு அஞ்சு உறை, ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்றார். "சோத்துல வளர்றது வெளிய. அதுக்குள்ள மூச்சு, அதுக்குள்ள மனசு. உள்ள அடிபட்டா வெளிய வலிக்கும்."

நான் எட்டாவதோடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஏறாத எனக்கு இது உடனே புரிந்தது.

அடுத்த வாரம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் மனித உடம்புப் படம். வலிக்கிற இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பேர் எழுத வேண்டும்.

"பேர் எதுக்கு மேடம்?" என்று லைனில் என் பக்கத்தில் நிற்கிற அக்கா கேட்டாள்.

"யாருக்கு எந்த ஆசனம்னு எனக்குத் தெரியணும்ல? இது நமக்குள்ளதான்."

அக்கா பேரை மட்டும் எழுதினாள். "எங்க வலிக்குதுன்னு கம்பெனிக்குள்ள எவளாச்சும் சொல்லுவாளாடி?" என்று என் காதில் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே நெஞ்சில் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார். மேசையில் என் தாள் இருந்தது.

"நெஞ்சு வலியா உனக்கு? நீ லைன்ல விழுந்து வெச்சா நான்தான பதில் சொல்லணும்?"

"வலி இல்ல சார். எங்கம்மா செத்துட்டாங்க, அதான்..."

"செத்தது உங்கம்மா. வட்டம் உன் நெஞ்சுலதான இருக்குது?"

வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினார். எந்த வலியும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நாளையிலிருந்து வரக்கூடாது. அம்மா போன பிறகு ஊரில் எனக்கு வீடு இல்லை. வேலை போனால் கம்பெனி ஹாஸ்டலும் போய்விடும்.

சனிக்கிழமை மட்டும் வரும் மேடம் அன்றைக்கு அந்த அறையிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ரிப்போர்ட் கேட்டாங்கம்மா. உன் நல்லதுக்குத்தான் குடுத்தேன்" என்றார். அதே மெதுவான குரல். இந்தக் குரலை நம்பித்தானே அழுதேன் என்று நினைக்கும்போது உடம்பு கூசியது.

எழுதினேன். எனக்கு எந்த வலியும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

லைனுக்குத் திரும்பியதும் அக்கா கேட்டாள். "இன்னா எழுதிக் குடுத்த?"

"ஒண்ணும் வலிக்கலன்னு."

"அட, அவ்ளோதானா? அத வருசா வருசம் நாங்க எழுதறோம்" என்று வயர்க் கட்டை என் பக்கம் தள்ளினாள்.

அவள் இல்லை என்று எழுதிக் கொடுப்பது முதுகு வலியை. நானோ, அம்மா செத்ததில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றேன்.