இலவம் பஞ்சு வைத்த பஃப் கை

எங்கள் சித்தி அன்று போட்டிருந்த ஜாக்கெட்டை இன்று யாராவது போட்டுக்கொண்டு தெருவில் போனால் நாய் குரைக்கும். அந்தக் காலத்திலோ ஊரே அதற்குத்தான் அலைந்தது. பஃப் கை என்று பெயர். தோளுக்கு ஒன்றாக ஆளுக்கு இரண்டு பலூன். யார் பலூன் பெரிது என்பதுதான் பெண்களுக்குள் போட்டி.

சித்தி என் அம்மாவின் தங்கை. கள்ளக்குறிச்சி டெய்லர் தைத்துத் தந்த அவளுடைய பலூன்கள் ஒரே சலவையில் தொய்ந்துபோயின. பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தான் மூங்கில்துறைப்பட்டிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. அவருடைய அம்மா திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு வருகிற சாக்கில் பெண்ணைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பிடித்தால் பூ வைக்க வருவார்கள். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்ததோடு சரி, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஏற்கெனவே பல பேர் அப்படிச் சாமி கும்பிட்டுவிட்டுப் போய்விட்டதால், இதுவாவது கூடிவர வேண்டுமே என்று வீடே தவித்தது.

சித்தி அசரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து வாங்கி வந்த இலவம் பஞ்சுத் தலையணையைப் பிரித்து, இரண்டு கைகளிலும் அடைத்துத் தைத்துவிட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இன்னாடி இது? அந்தம்மா பொண்ணு பாக்க வருதா, துரியோதனன் வேஷம் பாக்க வருதா?”

கூத்தில் துரியோதனன் கட்டுகிற மரத் தோள்கட்டை அப்படித்தான் விடைத்துக்கொண்டு நிற்கும்.

“சும்மா இரு அக்கா. உனக்கு ஸ்டைலப் பத்தி இன்னா தெரியும்?”

பச்சை ஜாக்கெட்டுக்குப் பச்சை வளையல், பச்சை ரிப்பன், பச்சை ஸ்டிக்கர் பொட்டு. மேட்சிங் இல்லாமல் வாசலைத் தாண்டுவது மானக்கேடு. மிச்சப் பொட்டுகள் இருந்த அட்டை என் பொறுப்பில் இருந்தது. எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

திருவிழாவில் துரியோதனனை வீழ்த்துகிற படுகளத்தன்று மாப்பிள்ளையின் அம்மா வந்து எங்களோடு நின்றார். வெளிர் சந்தன நிறச் சேலை, வெறும் நெற்றி. அதிகம் பேசவில்லை. களத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்துக்கிடக்க, வேஷம் கட்டிய துரியோதனன் அதைச் சுற்றி ஓடினான். பீமன் துரத்தினான். கூட்டம் சிதறியது. ஓடிவந்தவனின் தோள்கட்டை சித்தியின் ஜாக்கெட்டில் மாட்டி, ஒரு கையை டர்ரென்று கிழித்துக்கொண்டு போனது.

பறந்தது பாருங்கள் பஞ்சு! துரியோதனன் கிரீடத்தில் பஞ்சு, பம்பைக்காரர் தலையில் பஞ்சு. பீமன் கதாயுதத்தைக் கீழே போட்டுவிட்டுத் தும்மினான்.

“போச்சு, எல்லாம் போச்சு” என்றாள் அம்மா.

சித்தியோ, ஒரு தோளில் பலூனும் மறு தோளில் காலிப் பையுமாக நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்து வழிந்த கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“எங்க வூட்ல சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்ளோ நாளாச்சுங்க” என்றார் அம்மாவிடம்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. பாவம், பொட்டில்லாமல் வந்திருக்கிறாரே என்று, அட்டையில் இருந்ததிலேயே பெரிய பொட்டை உரித்து அவர் நெற்றியில் வைக்க எக்கினேன். அம்மா வெடுக்கென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சுற்றி நின்றவர்களின் சிரிப்பு அப்படியே நின்றது.

“கொழந்தைய வுடுங்க” என்றார் அவர். குனிந்து என் கன்னத்தைத் தடவிவிட்டு, பொட்டை வாங்கி அம்மாவிடம் நீட்டினார். தள்ளுமுள்ளில் சித்தியின் பொட்டு எங்கோ விழுந்திருந்தது.

“நீங்களே வெச்சுவுடுங்க. எம் மருமவ வெறும் நெத்தியோட நிக்கறா.”

அம்மா அழுதுகொண்டே வைத்தாள். சித்தி வெட்கப்பட்டாள். நான் மட்டும் கோபத்தில் இருந்தேன். ஆசையாகக் கொடுத்ததை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டாரே! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்ததில் விஷயம் புரிந்துவிட்டது. சந்தன நிறச் சேலைக்குப் பச்சைப் பொட்டு எப்படி மேட்சிங் ஆகும்?

பூ வைக்க அவர்கள் வருவதற்குள் அந்தச் சேலை நிறத்தில் ஓர் அட்டை வாங்கித் தரும்படி அப்பாவை நச்சரித்தேன். கள்ளக்குறிச்சிக் கடைகளில் அந்த நிறம் வருவதே இல்லை என்றார் அப்பா. நானும் நம்பினேன்.