குண்டசாலைச் சிற்பமும் தெல்தெனிய பஸ்ஸும்

இன்று பின்னேரம் குண்டசாலையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கையில் மழை கொட்டத் தொடங்கியது. குடையை அலுவலகத்தில் விட்டுவிட்டேன்.

வீதியோரக் கலைக்கூடத்தின் புல்வெளியில் புதிதாக ஒரு கொங்கிரீட் சிற்பம் வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே வளைந்த கூரை, அதன் கீழே நீளமாக ஒரு கல். ஏற்கெனவே மூன்று பேர் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

கலைக்கூடத்துக் காவலாளி குடையோடு ஓடிவந்தார்.

"அக்கா, இது பஸ் ஹோல்ட் இல்ல, சிலை. எல்லாரும் வெளிய வாங்க."

எனக்குப் பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்த முஸ்லிம் உம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சிலையெண்டா மொகம் எங்க மகன்?"

காவலாளி சிற்பத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகம் கிடைக்கவில்லை. அதற்குள் காற்றில் அவருடைய குடை திரும்பிவிட்டது. நாங்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து அவருக்கும் இடம் கொடுத்தோம்.

தெல்தெனிய பஸ் வந்தது. யாரும் கை காட்டவில்லை, தானாகவே நின்றது. கொண்டக்டர் பஸ்ஸுக்குள் திரும்பிச் சத்தம் போட்டார்.

"சிலை ஹோல்ட்! இறங்குறவங்க இறங்குங்க!"

இரண்டு பேர் இறங்கினார்கள்.

"பாத்தீங்களா? சிலைன்னு நான் சொன்னேன்ல" என்றார் காவலாளி.

ஏறப்போகும்போதுதான் சிற்பத்தின் அடியில் இருந்த பெயர்ப்பலகையைக் கண்டேன். 'தனிமை' என்று எழுதியிருந்தது.

அந்தச் சிற்பியைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடுங்கள். வேலை நன்றாக இருக்கிறது, இடப்பக்கம் மட்டும் ஒழுகுகிறது.